குழாயில் இருப்பது யார்?

2018 ஆகஸ்ட் 6, திங்கள், காலை 9.40
அம்மாவின் எஸ்.ஜி.பி.டி. 28. நாற்பதுக்குக் கீழே என்றால் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். புற்றுநோய் மருந்து மூன்று முறை ஏறிய உடம்பில் இப்படியா? போன மாதமும் இதேபோலத்தான். நேற்று வெள்ளிமலை வீட்டில் பார்த்தேன், கண் இரண்டும் மஞ்சள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி சொன்னாள்: "எனுக்குள்ள வேற யாரோ குந்திக்கினு கீறாங்கடா." உளறாதே என்றேன். ஆனால் எப்போதும் அவள் காலடியில் கிடக்கும் நாய் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

மாலை
நான் வேலை செய்யும் லேப்பின் மெஷினைச் சந்தேகப்பட்டேன். என் ரத்தத்தைப் போட்டேன், ஒரு காமாலைக்காரர் ரத்தத்தையும் போட்டேன். மெஷின் சரி. அப்போ என் கண்ணுதான் பொய்யா?

ஆகஸ்ட் 7
நேற்று அப்பா பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்த அதே குழாய். உறைந்து கிடந்ததை எடுத்து குரூப் பார்த்தேன். ஓ பாசிடிவ். அம்மாவுக்கு பி. முன்பு பார்த்துச் சொன்னவனே நான்தான். மேலே பெரியம்மாள் என்று அம்மாவின் பெயர் ஒட்டியிருக்கிறது. உள்ளே இருப்பது அவள் இல்லை. அம்மா சொன்னதையே குழாயும் சொல்லுது —

ஆகஸ்ட் 8
மலைக்குப் போனேன். ஊரில் ஊசி போடுகிற, ரத்தம் எடுத்துக் கொடுக்கிற இருசப்பன் சிரித்தார். "ரத்தத்தப் பாத்தா மயங்கி வுழற மனுசன், போன மாசமும் இப்பவும் கண்ண இறுக்க மூடிக்கினு கைய நீட்டுனாருப்பா ஒங்கப்பாரு!"

ரெண்டு தடவையும் அப்பா ரத்தம்.

வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அப்பா மரவள்ளிக் காட்டு மண்ணோடு நின்றார். "அவ ஒடம்புல இன்னாடா கீது, நீ உறிஞ்சறதுக்கு? நரம்பே கெடைக்கல, அழுவறா. ஒரே சட்டி சோறு துன்ற ஒடம்பு, ரெண்டும் ஒண்ணுதானேன்னு…"

"போன மாச ரிப்போர்ட்டப் பாத்துதான் முழு அளவு மருந்து ஏத்துனாங்க. தெரியுமா?"

அப்படியே உட்கார்ந்து அழுதார். உள்ளேயிருந்து அம்மா: "யார்ரா அங்க அழுவறது? என் கொரலு மாதிரியே கீது."

ஆகஸ்ட் 9
அம்மா ரத்தத்தை நானே எடுத்தேன். எஸ்.ஜி.பி.டி. 412. அம்மாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றும் பாண்டிச்சேரி டாக்டரிடம் போனில் எதையும் மறைக்கவில்லை. திட்டினார். நாளை ஏற்ற இருந்த மருந்து வேண்டாம், ஆனாலும் உடனே கூட்டி வா என்றார். நிறுத்தினால் கல்லீரல் தேறலாம். கட்டி வளரலாம். இரண்டில் எது என்று அவருக்கும் தெரியவில்லை.

இனி:
1. விடிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரி.
2. டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை, மலை மூலிகைக் கஷாயம் எதுவும் கூடாது.
3. ரத்தம் இனி நான்தான் எடுப்பேன்.
4. பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார வேண்டும். நேற்றிலிருந்து அவரோடு பேசவில்லை.