வேனுக்காகக் கடல் காத்திருந்த கதை

என் மூன்றில் ஒரு பங்குக்காரனே,

இதுவரை பிறந்தவர்களும் இனிப் பிறக்கப் போகிறவர்களும் ஒருசேர நம்ப மறுக்கும் ஒரு கதையை, இடது கையை நம் வேனின் ஸ்டியரிங் மீதும் வலது கையை என் தொப்பை மீதும் வைத்துச் சத்தியம் செய்து, இதோ எழுதத் தொடங்குகிறேன். நீயும் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. பாதிக் கதைக்கு நீதான் காரணம்.

இன்று காலை என் முறை ஆரம்பித்தது. தம்போயில், குணா வீட்டு வாசலில் நின்ற வேனுக்குள் ஏறி மேல் அலமாரியைத் திறந்தேன். கருவாட்டு வாசனை என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. அந்தத் தெருப் பூனைகள் அத்தனையும் எழுந்து நின்றன. ஜொகூர் பாரு முழுக்கப் போக்குவரத்து ஒரு நிமிடம் நின்றுபோனது. பழைய செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் வளையம் போட்ட பொட்டலம். நீ கட்டுகிற மாதிரியே.

"எத்தன தடவடா சொல்றது, கருவாடு வைக்காதன்னு!" என்று வழக்கம்போல் கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் நீ போய் எட்டு மாதம் ஆகிறது என்பது நினைவுக்கு வந்தது.

அந்தப் பொட்டலம் எப்படி வந்தது என்று உனக்குச் சொல்லத்தான் இந்த மடல்.

ரொட்டி ஏற்றித் திரிந்த வேன் அது. ஜொகூர் பாலம் கட்டும்போது கல் சுமந்ததும் அதுதான் என்று நான் இன்றுவரை சொல்லி வருகிறேன். யாரும் மறுத்து நிரூபிக்கவில்லை. பட்டறையில் விட்டு மெத்தை, கேஸ் அடுப்பு, அலமாரி எல்லாம் பொருத்தினோம். ஆளுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்தோம். வண்டிப் பதிவுக் கிராண்ட்டில் குணாவின் பெயர்தான். ஆனால் உண்மையான பத்திரம், அலமாரிக் கதவின் உள்பக்கம் நீ மார்க்கர் பேனாவால் எழுதிய இரண்டு வரி. "மூணு பேரும் தலையாட்டாம வேன விக்கக் கூடாது. இறங்குறவன் அடுத்தவனுக்குத் திங்க ஏதாச்சும் வச்சிட்டுத்தான் இறங்கணும்."

குணா உப்பு பிஸ்கட் வைப்பான். நான் என் மனைவி சுட்ட முறுக்கை நானே சுட்டதாகச் சொல்லி வைப்பேன். நீ மெர்சிங் கருவாடு. வைத்தவனுக்கு நன்றி சொல்லும் வழக்கமே நமக்கு இல்லை. திட்டுவதோடு சரி.

மூவரும் சேர்ந்து மெர்சிங் போன அந்த நாளை எடுத்துக்கொள். "இன்னும் பின்னால எடு, கடல் காத்து நல்லா வரும்," என்று நான்தான் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். நீ எடுத்தாய். பின் சக்கரம் இரண்டும் மணலுக்குள் போய்விட்டன. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஆள் கூட்டிவரக் குணா பக்கத்துக் கம்பத்து வீடுகள் பக்கம் ஓடினான். நீ மடக்கு நாற்காலியை விரித்து, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாய். மீதியை நான் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது: வேன் தியோமான் தீவு வரை மிதந்தது, நாற்பது ஆமைகள் முட்டுக்கொடுத்துத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தன, கடைசி ஆமைக்கு நீ முட்டை ஊட்டிவிட்டாய்.

நீ போன பிறகு உன் மாதம் இரண்டு முறை வந்து போனது. இரண்டு முறையும் வேன் குணா வீட்டு வாசலில் சும்மா நின்றது. தினமும் அதைத் தாண்டித்தான் அவன் வெளியே போக வேண்டும். "முட்டி வலிடா, இனிமே ஓட்ட முடியாது, வித்துரலாம்," என்றான். நானும் முட்டியைப் பற்றியே பேசினேன். குளுவாங்கிலிருந்து ஒருவர் வாங்கத் தயாராக வந்தார். குணா தலையாட்டினான். நான் ஆட்டியும் ஆட்டாமலும் ஒரு மாதிரி வைத்துக்கொண்டேன். மூன்றாவது தலை இனி உன் கமலாவுடையது. இருவரும் உன் வீட்டுக்குப் போனோம்.

"நீ சரின்னா சரி, தங்கச்சி," என்றான் குணா.

கமலா தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "இப்ப யாரு மாசம்?"

"அவன் மாசம்தான்."

"அப்ப சாவியக் குடுங்க. மெர்சிங் போய்ட்டு வந்து சொல்றேன்."

"அலமாக்! அது கியர் வண்டி கமலா, பெரிய வண்டி லா," என்றேன் நான்.

"பதினெட்டு வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டுனவண்ணே நான். ஒங்க வீட்டுப் பிள்ளைங்களையும் நாந்தான் ஏத்திட்டுப் போனேன்."

டேய், இத்தனை வருடம் நாம் மூன்று பேர் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் சண்டை போட்டபோது, ஒரு பேரரசி உன் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒருவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை. உன்னைத்தான் திட்ட நினைத்தேன். அவளே தடுத்துவிட்டாள். "நான் கேட்டிருக்கேன்ணே. தெனமும் இதே வேலதான, என்கூட வரும்போதாச்சும் உக்காந்து வான்னுட்டாரு."

மூவரும் கிளம்பினோம். குணாவும் நானும் பின்னால். "பெல்ட் போடுங்க. குணாண்ணே, கைய வெளிய நீட்டாதீங்க." கோத்தா திங்கி தாண்டுவதற்குள் கழிப்பறைக்கு இரண்டு முறை அனுமதி கேட்டேன், ஒரு முறைதான் கிடைத்தது. நீ ஓட்டும்போது ஜெமாலுவாங் பக்கம் நத்தைகள் நம்மை முந்தும். அன்று நாங்கள் இரண்டு விமானங்களை முந்தினோம்.

மெர்சிங்கில் அவள் மணலில் இறக்கவில்லை. சவுக்கு மரத்தடியில், கெட்டித் தரையில், மூக்கை ரோட்டுப் பக்கம் வைத்து நிறுத்தினாள்.

"எந்த எடம்?" என்று கேட்டாள்.

காட்டினேன். ஆமைகளை ஆரம்பித்தேன். கை காட்டி நிறுத்திவிட்டாள்.

"கடல் நின்னுச்சுன்னு அவரும் சொல்லுவாரு. மீன் கொழம்பு வைக்கிறப்பல்லாம் சொல்லுவாரு. ஒங்களோட சேந்து இவரும் அளக்குறாருன்னு சிரிச்சிட்டுப் போயிருவேன். உண்மையச் சொல்லுங்க, நின்னுச்சா?"

நான் குணாவைப் பார்த்தேன். "நான் ஆளக் கூப்புடப் போயிட்டேன். இவன் மட்டும்தான் கூட இருந்தான்," என்றான். உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே சாட்சி, அதுவும் நான்! இப்படி ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு எந்தப் பெண்தான் எதை நம்புவாள்? ஆனாலும் சொன்னேன். ஆமை இல்லாமல், தீவு இல்லாமல், நடந்ததை மட்டும் நாலே வார்த்தையில் சொன்னேன். வாய் வலித்தது.

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "படகுத்துறை பக்கம் சின்ன வேல இருக்கு, இங்கயே இருங்க," என்று தனியாகப் போய்விட்டு வந்தாள். திரும்பும்போது விற்பதா வேண்டாமா என்று குணா மூன்று முறை கேட்டான். "பதில வண்டியிலயே வச்சிட்டுத்தான் எறங்குவேன்," என்றாள்.

அந்தப் பதில்தான் இன்று காலை என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது.

பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு குணாவின் கதவைத் தட்டினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தான். பார்த்தான். குளுவாங்காரருக்குப் போன் போட்டான். "சாரி லா, வேன் விக்கல. மூணாவது ஆளு தலையாட்டல."

"முட்டி வலி?" என்றேன்.

"எந்த முட்டி?" என்றான்.

உன் மாதம் உன் மாதமாகவே இருக்கிறது. கருவாடு என் மடியில் இருக்கிறது. என் சட்டை நாறுகிறது, இந்தக் காகிதமும் நாறுகிறது. மனைவி கதவைத் திறந்து விடுவாளா என்று தெரியவில்லை.

சத்தியம் செய்துவிட்டதால் கணக்கை நேர் செய்துவிடுகிறேன். எழுந்து நின்ற பூனைகள் பொய். விமானங்கள் பொய். பாலத்துக்குக் கல் சுமந்தது பொய். நாற்பது ஆமைகளும் பொய். ஆனால் நீ சோற்றுக் கையைக் கடலுக்கு நீட்டி, "பொறு லா, இன்னும் சாப்பிட்டு முடிக்கல," என்றாய். தண்ணீர் பின் சக்கரத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. நீ பொட்டலத்தை வழித்துச் சாப்பிட்டு, கைகழுவும் வரை அங்கேயே நின்றது. பிறகு திரும்பிப் போனது.

அது மட்டும் உண்மை.