வெளியிலிருந்து வரும் y

22 ஜனவரி 1995, ஞாயிறு

'என் பெயரை மாற்றாதீர்கள்' என்று இன்று நான் சொல்லவில்லை.

பந்தல்குடியிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை கார்த்தீஸ்வரனின் அம்மா பெயரும் கஸ்தூரி. மாப்பிள்ளையின் பெரியப்பா காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்: "மாமியாளும் கஸ்தூரி, மருமகளும் கஸ்தூரின்னா எப்பிடி? பொண்டாட்டிய அதட்டுனா பெத்தவள அதட்டுன மாதிரில்ல ஆயிரும்! தேவின்னு வச்சுக்கிடுவோம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மாவும்.

மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதனால்தான் வாய் திறக்கவில்லையா?

25 ஜனவரி, புதன்

கல்லூரியில் இறுதியாண்டு மாணவிகளுக்கு லாம்டா கணிதம் நடத்தத் தொடங்கினேன். மூன்றே வடிவங்கள்: வெறும் பெயர், ஒரு பெயரை ஏற்கும் சார்பு, λx.x (எதைக் கொடுத்தாலும் அதையே திருப்பித் தருவது) போல, ஒன்றை இன்னொன்றின்மேல் செலுத்துவது. சார்புக்குள் கட்டுண்ட, அதாவது λ-வை அடுத்து நிற்கும், பெயரை மாற்றினால் நஷ்டமில்லை. λx.x, λy.y இரண்டும் ஒன்றே.

அப்படியானால் தேவி என்றாலும் நான்தானே. பேசாமல் இருந்துவிடலாம்.

27 ஜனவரி, வெள்ளி

இன்று சுருக்கும் விதி. (λx.λy.x) y — உள்ளே x இருக்கும் இடத்தில், வெளியிலிருந்து வரும் y-ஐ வைக்க வேண்டும். மாணவி ஆன்சி பலகையில் λy.y என்று எழுதினாள். தப்பு. வந்த y, உள்ளே இருந்த y-யில் சிக்கித் தன்னையே இழந்துவிட்டது. முதலில் உள்ளே இருப்பதை z என்று மாற்ற வேண்டும். விடை λz.y.

"வீட்டுல இருக்கவுகதான் பேர மாத்திக்கிடணும், வந்தவுக பேரு அப்படியே இருக்கணும். அதான மேடம்?" என்றாள் ஆன்சி.

வகுப்பே சிரித்தது. நான் λz.y-க்கு அடியில் ஒரு கோடு போட்டேன்.

28 ஜனவரி

அதற்காக அத்தையாக வரப்போகிறவரின் பெயரை மாற்றச் சொல்வதா? அதுவும் அநியாயம்.

5 பிப்ரவரி, ஞாயிறு

இரண்டு வீட்டாரும் முகூர்த்தச் சேலை எடுக்கப் போனோம். நாளை பத்திரிகை அச்சுக்குப் போகிறது. "ஒரு பேருக்காக நல்ல எடத்த விட்றாதடீ" என்று அம்மா பஸ்ஸிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடையில் சொல்லிவிட்டேன். "எனக்கு என் பேரு போதும்."

கார்த்தீஸ்வரன் முகம் சுண்டியது. "எங்க அம்மா பேரச் சொல்லி நான் எப்பிடிக் கூப்பிட?"

"உங்க வீட்ல அத்தைய யாரு பேர் சொல்லிக் கூப்பிடுறா?"

அவர் விரல் விட்டு எண்ணினார். அம்மா, மதினி, பெரியம்மா — பெயர் சொல்கிறவர் ஒருவரும் அகப்படவில்லை.

சேலை முந்தியைத் தடவிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். "ஏலே, எங்கம்மா போனதோட எம் பேரும் போச்சு. அவளாவது வச்சுக்கிடட்டும்."

11 ஜூன், ஞாயிறு

பந்தல்குடி. பத்திரிகையில் கஸ்தூரி என்றுதான் அச்சானது. இவர் 'டீச்சர்' என்கிறார். இவரைப் பார்த்து வீடே அப்படிக் கூப்பிடுகிறது. பெயர் சொல்வது அத்தை மட்டும்தான்.

இன்று மத்தியானம் கொல்லையிலிருந்து, "ஏ கஸ்தூரி" என்று கூப்பிட்டார். போனேன்.