கிறீச் சத்தம் நின்ற கார்

மருமகளே,

அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. விடிந்ததும் என் ஸ்போர்ட்ஸ் காரை இறக்கத்தில் விட்டு பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். அந்தக் கிறீச் சத்தம் போயே போய்விட்டது! "பழைய வண்டி, கத்தத்தான் செய்யும், வித்துடுங்க" என்று மெக்கானிக்கே கைவிரித்த வண்டி. நீ சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடுகளைத் தேய்த்து, அவற்றின் பின்பக்கம் கிரீஸ் தடவி அதன் வாயை அடைத்துவிட்டாயே, கெட்டிக்காரி!

நான் பல் டாக்டரிடம் நடந்தே போகிறேன். காரை வாங்க ஒருவர் வருவார்; காபி கொடுத்து, விற்பதாக இல்லை என்று சொல்லிவிடு. சாவி உன் டிபன் டப்பா மேல் இருக்கிறது. வேலைக்கு நீயே ஓட்டிப் போ.

பி.கு.: பெற்ற பிள்ளைக்குக்கூட அந்தச் சாவியை நான் கொடுத்ததில்லை. உன் வீட்டுக்காரன் முறைத்தால், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரச் சொல்.