லெச்சுமிக்காகக் கேட்டது

கார்த்திகை 3, திங்கள்

விடியத் தொடங்கி மழை. கரண்ட் இல்லை. என்ர மெசின் காலால மிதிக்கிறது, அதால தையல் நிக்கேல்லை. கலியாண வீட்டுச் சட்டைகள், வெள்ளிக்கிழமை குடுக்கவேணும். மெரூன் நூல் முடிஞ்சுது.

காலமை பக்கத்து வீட்டு ராமையா அண்ணை குடையில்லாமல் வந்து வாசலில நிண்டார். பெண்சாதி லெச்சுமி என்னைப் பாக்கவேணுமாம். சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சவள், இனிப் போகமாட்டன் எண்டு படுத்திட்டாளாம். மழை விடட்டும், நாளைக்கு வாறன் எண்டன்.

மழை மத்தியானமே விட்டிட்டுது. போகேல்லை.

கார். 4, செவ்வாய்

போனன். அவளுக்குக் கால் ரெண்டும் வீங்கி, முகம் ஊதி. கட்டிலுக்குப் பக்கத்தில எனக்கெண்டு ஒரு கதிரை, நேற்றே போட்டு வைச்சதாம்.

இடம்பெயர்ந்து முகாமில இருக்கேக்க எங்கட கூடாரமும் அவையின்ர கூடாரமும் பக்கத்துப் பக்கம். மகனுக்குக் காய்ச்சல் எண்டு அவள் அழேக்க நான்தான் போய் அவன்ர தலையில கைவைச்சுச் செபிச்சனான். எனக்கு மறந்துபோன விசயம். அவள் மறக்கேல்லை. தலைமாட்டில முருகன் படம். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னாள்:

"அன்னிக்கு மாதிரி உங்க சாமிகிட்ட எனக்காகக் கேளுங்கக்கா."

வாயைத் திறந்தன். ஒண்டும் வரேல்லை. வீட்டில இருந்து செபிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டன்.

செபிக்கேல்லை.

கார். 5, புதன்

தலையிடி. ஒரு சட்டைக்குக் கை அளவு பிழைச்சு, திரும்பப் பிரிப்பு. மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கவேணும்.

செபிக்கிறதை எப்ப விட்டனான் எண்டு யோசிச்சுப் பாக்கிறன். ஆண்டவரோட கோபம் ஒண்டும் இல்லை. முகாமில தண்ணி வரிசையில நிண்டுகொண்டும் செபிச்சனான். பிறகு வீட்டுத்திட்டத்தில வீடு. கிணறு. மாடு. மெசின். அவசர ஓடர் எண்டு ஒரு ஞாயிறு போகேல்லை. பிறகு மழை. பிறகு தலையிடி. பிறகு காரணமும் தேவைப்படேல்லை. வேதப்புத்தகம் அலுமாரியில சீலைகளுக்குக் கீழ.

என்ர மனுசன் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு சைக்கிளில சேர்ச்சுக்குப் போறார். என்னை வா எண்டு ஒருநாளும் கேட்டதில்லை. அவற்ற பக்தியைப் பாத்து எனக்குக் கொஞ்சம் எரிச்சலும்தான்.

சாப்பிடேக்க லெச்சுமி கேட்டதைச் சொன்னன். நீங்கள் போய்ச் செபியுங்கோ, நீங்கள்தானே சேர்ச்சுக்குப் போறனீங்கள் எண்டன். சோத்தைப் பிசைஞ்சுகொண்டே சொன்னார்:

"எனக்கும் கன காலமா ஒண்டும் வாறேல்லையப்பா. போய் இருந்திட்டு வாறன், அவ்வளவுதான்."

இத்தனை வருசம் ஒரே வீட்டில. தெரியாமல் இருந்திருக்கிறன்.

கார். 6, வியாழன்

லெச்சுமியிட்டப் போய் உண்மையைச் சொன்னன். நான் இப்ப செபிக்கிறேல்லை, சேர்ச்சுக்குப் போறதும் இல்லை, ஆண்டவரிட்டக் கேக்க எனக்கு முகமில்லை எண்டு. மனம் உடைவாளோ எண்டு பயம். அவள் அதைக் காதில வாங்கவே இல்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. எனக்குப் பயமா இருக்கு. யாராச்சும் கேக்கணும்."

கண்ணை மூடினன். முந்தி எனக்கு வாற வசனம் ஒண்டும் இல்லை.

"ஆண்டவரே, லெச்சுமிக்குப் பயமா இருக்கு. எனக்கும்தான். அவளைத் தனிய விட்டிடாதையும்."

அவ்வளவுதான் வந்தது. ஆமென் சொல்ல மறந்திட்டன். அவள் சொன்னாள். முகாமில கேட்டுக் கேட்டுப் பழகினது போல. குசினிக்குள்ள ராமையா அண்ணை மூக்குச் சிந்திற சத்தம்.

நாளைக்கும் வரச்சொன்னாள். ஓம் எண்டன்.

கார். 7, வெள்ளி

கலியாணப் பொம்பிளையின்ர தாய் சட்டைகளை எடுக்க வந்தவா. ஒண்டு இடுப்பில பிடிக்குது எண்டு அதைத் திருப்பித் தந்தா. பிரிச்சு, தைச்சு, பொத்தான் கட்டி முடிய இருட்டிப்போச்சு. முதுகு உளைவு. லெச்சுமியிட்டப் போகேல்லை. நாளைக்கு.

கார். 8, சனி

விடியப்புறம் அழுகைச் சத்தம். சத்தம் எந்தப் பக்கமெண்டு கேட்டவுடனேயே விளங்கிட்டுது.

லெச்சுமியின்ர மகன் கொழும்பில இருந்து மத்தியானம் வந்து சேந்தான். நான் கைவைச்சுச் செபிச்ச பெடியன், இப்ப தாடி. என்னை ஆரெண்டு தெரியேல்லை. பறை, தேவாரம், தூறல். பொம்பிளையளோட முற்றத்தில நிண்டன்.

நேற்று முழுக்க லெச்சுமி வாசலைப் பாத்துக்கொண்டு, அக்கா வந்தாச்சா எண்டு கேட்டவளாம். ராமையா அண்ணை குற்றமாச் சொல்லேல்லை. அழுதழுது சொன்ன கதையளோட அதையும் சொன்னார். அதுதான் தாங்கேலாமல் கிடக்கு.

சோறு இறங்கேல்லை.

கார். 9, ஞாயிறு

மெசினை மூடிப்போட்டுச் சீலை உடுத்து வாசலில வந்து நிண்டன். இவர் பாத்தார். சைக்கிளைச் சாத்தி வைச்சிட்டு, ஆரோ ஒருத்தற்ற மோட்டசைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்.

சேர்ச்சில கடைசி வாங்கில இருந்தம். ஓட்டுக்குள்ளால ஒழுகுது, நடுவில வாளி. ஒரு அம்மா திரும்பி, "கனகாலம் காணேல்லை, சுகமில்லையோ?" எண்டு கேட்டா. ஓம் எண்டன்.

பாட்டுக்குக் குரல் எழும்பேல்லை. பாவ அறிக்கை மட்டும் பாடமா வாயில வந்தது. செய்யாமல் விட்டதுக்கு மன்னிப்புக் கேக்கிற இடத்துக்கு மேல என்னால சொல்லேலாமல் போச்சு, மிச்சத்தை மற்றாக்கள் சொல்லி முடிச்சினம். போதகர் என்ன பிரசங்கிச்சவர் எண்டு தெரியாது. இவர் பக்கத்தில, கையைக் கட்டிக்கொண்டு.

போனால் மனம் லேசாகும் எண்டு நினைச்சன். ஆகேல்லை.

கார். 10, திங்கள்

ராமையா அண்ணைக்குப் பிட்டு அவிச்சுக் குடுத்தனுப்பினது. சாப்பிடேல்லையாம்.

அதுக்கு முதல், விடிய, முழங்காலில நிண்டு பாத்தன். சிமெந்து நிலம் குளிர். நன்றி சொல்லத்தான் தொடங்கினன், பொய்யாக் கேட்டுது, நிப்பாட்டிட்டன். பிறகு, ஏன் லெச்சுமியை இன்னும் ஒருநாள் இருக்க விடேல்லை எண்டு ஆண்டவரிட்டக் கேட்டன். சத்தமாத்தான் கேட்டன், பக்கத்து அறையில இவருக்குக் கேட்டிருக்கும். ஏன் என்னை வெள்ளிக்கிழமை எழுப்பிப் போகச்சொல்லேல்லை எண்டும் கேட்டன். கோபத்தில அழுகை வந்திட்டுது.

கன வருசத்துக்குப் பிறகு எனக்காக ஆண்டவரோட கதைச்சது அதுதான். பதில் இல்லை. ஆனாலும் எழும்ப மனம் வரேல்லை.