காட்டுக்கு மேலே போகுமுன் நிரப்பிய படிவம்

அம்மா,

இன்று காலை மழைக்கோட்டைத் தேடி மோட்டார் சைக்கிளின் இருக்கையைத் தூக்கினேன். அழுக்குத் துணிக்கு அடியில், காட்டுக்கு மேலே கம்பியில் தொங்கிப் போன அன்று நீ போட்டிருந்த அந்தக் கையுறை கிடந்தது. ஒற்றைக் கையுறை. உள்ளங்கைப் பக்கம் தடித்த தோல், கம்பியில் உரசி உரசிக் கறுத்துப்போன ஒரு கோடு. முகர்ந்து பார்த்தேன். இரும்பும் யார் யாருடையதோ வியர்வையும் கலந்த வாடை. இரண்டையுமே கைப்பைக்குள் திணித்துக்கொண்டவள் நீ. வழிகாட்டி கையை நீட்டியதும் ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மற்றது எங்கே விழுந்ததோ என்பதுபோல் தரையெல்லாம் தேடினாய். அவரும் உன்னோடு சேர்ந்து தேடினார், பாவம்.

வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தூறலும் விழுந்தது. மாசாயில் நம் அடுக்குமாடியின் கீழே, வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. நீ போய் ஓராண்டு ஆகப்போகிறது. இன்னும் கோபம்தான் வருகிறது.

அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். உன் வாழ்க்கையில் உன் முன்னால் நீட்டப்பட்ட எந்தப் படிவமும் தமிழில் இருந்ததில்லை.

நம் வீட்டில் படிவங்கள் என் வேலை. பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. தொழிற்சாலையில் உன் துப்புரவு வேலைக்கான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் படிவம், அப்பாவின் பாதுகாவலர் வேலைக்கான படிவம், பிறகு மேல்மாடிக்காரர்கள், எதிர்வீட்டுக்காரர்கள் என்று எல்லோரும் என்னிடம் வருவார்கள். உடல்நலம் பற்றிய பகுதி வந்ததும் நீ அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாய்: "எல்லாத்துக்கும் இல்லன்னு போடு." இனிப்பு நீரா, இல்லை. இரத்தக் கொதிப்பா, இல்லை. இழுப்பா, இல்லை. மேலிருந்து கீழே ஒரே வேகத்தில் குறி போட்டுக்கொண்டே வருவேன். அப்படிப் போடுவது பொய் என்றே எனக்குத் தோன்றியதில்லை. கையெழுத்துக்கு முன் செய்யவேண்டிய சடங்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருமுறை ஏன் என்று கேட்டதற்கு, லாபிஸ் பக்கம் நீ பிறந்த தோட்டத்தில் நடந்ததைச் சொன்னாய். மயக்கம் வருகிறது என்று தோட்டத்து மருந்தக டிரசரிடம் உண்மையைச் சொன்ன ஒருத்தியை மறுநாள் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது விட்டுவிட்டார்களாம். அதற்கடுத்த நாளும் விட்டுவிட்டார்களாம். "உண்டுன்னு போட்டா கேள்வி வரும். கேள்வி வந்தா வேலை போகும்." அவ்வளவுதான் உன் விளக்கம். எனக்குப் பத்து வயது. நம்பினேன்.

பல்கலைக்கழகம் முடித்து, பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் வேலை கிடைத்து, முதல் சம்பளம் வந்தபோது உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். சேலை என்பாய் என்று நினைத்தேன். நீ கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினாய். யாரோ ஒரு பெண் இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு மர உச்சிகளுக்கு மேலே கம்பியில் வழுக்கிக்கொண்டு போனாள். ஜிப்லைன் என்று போட்டிருந்தது. "இது நம்ம லாபிஸ் பக்கத்துல இருக்குதாம். இதுல போகணும்," என்றாய். அப்பா சிரித்தார். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் சின்னப் பிள்ளையில இருந்து செம்பனை மரத்துக்குக் கீழயே குனிஞ்சு உதிரிப்பழம் பொறுக்கினவ. ஒரு தடவ மேல இருந்து பார்த்தா என்னா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மனதுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதிலிருந்து நீ வாய் மூடவில்லை. இந்த வளைவில் லாரி கவிழ்ந்தது, அந்த மரத்தில் தேன்கூடு இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தாய்.

முகப்பில் படிவத்தைக் கொடுத்தார்கள். மலாயில் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். ஏழு கேள்விகள். நான் பேனாவை எடுத்ததுமே, "இல்லன்னு போடு," என்றாய். போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது கேள்வி இதயம் பற்றியது. அதில் குறி போடும்போது உன் கண் என் பேனா முனையில் இருந்தது. உனக்கு மலாய் எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. ஆனால் கிளினிக் சுவரில் இதயப் படத்துக்குக் கீழே எழுதியிருக்கும் சொல்லின் வடிவம் உனக்குத் தெரிந்திருக்கிறது. உடனே முகத்தைத் திருப்பி, தலைக்கவசங்கள் மாட்டியிருந்த கொக்கிகளைப் பார்த்தாய்.

நான் அதைப் பார்த்தேன், அம்மா. நான் அதிகம் பேசாதவள். அதனாலேயே எல்லாவற்றையும் பார்ப்பவள். பார்த்துவிட்டு ஐந்தாவது கேள்விக்குப் போய்விட்டேன்.

எடை பார்த்து, அந்த எண்ணை மார்க்கர் பேனாவால் நம் புறங்கையில் எழுதினார்கள். "மாட்டுக்கு நம்பர் போடுற மாதிரி போடுறான் பாரு," என்று என் காதில் சொன்னாய். வழிகாட்டி பெயர் சுல். முப்பது வயதிருக்கும், பொறுமையான மனிதர். கழுத்தில் இருப்பதையெல்லாம் கழற்றச் சொன்னார். தாலியைக் கழற்ற முடியாது என்றாய். வாரில் சிக்கும் மாச்சிக் என்று மலாயில் மரியாதையாகச் சொன்னார். சிக்கினால் சிக்கட்டும் என்றாய். கடைசியில் முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்டர் வாங்கி, கழிவறையில் வைத்து நான்தான் தாலியை உன் நெஞ்சோடு ஒட்டினேன். என் விரலுக்குக் கீழே உன் நெஞ்சு படபடவென்று அடித்தது. பயம் என்று நினைத்தேன். "பயமா?" என்று கேட்டதற்கு, "போடி," என்றாய்.

அப்பா வரமாட்டேன் என்று கீழேயே நின்றுவிட்டார். உன் கைப்பை அவர் தோளில் தொங்கியது.

முதல் கம்பியில் நீ போனது எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. கத்துவாய் என்று நினைத்தேன். சத்தமே இல்லை. உருளை கம்பியில் ஓடும் சீறல் மட்டும் கேட்டது. கால்களைச் சேர்த்து நீட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தவள் போல் இலைகளுக்கு மேலே போனாய். மறுபக்கத்து மேடையில் கால் ஊன்றியதும் திரும்பி என்னைப் பார்த்துக் கையாட்டினாய். நான் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு விளிம்பில் நின்றேன். அவ்வளவு தூரத்திலிருந்தும் உன் குரல் வந்தது. டிகிரி வாங்கினவள் கம்பிக்குப் பயப்படுகிறாள் என்று, தமிழ் தெரியாத எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாய்.

மூன்றாவது மேடையில் உட்கார்ந்துவிட்டாய்.

பெரிய மரத்தைச் சுற்றிப் பலகையடித்த மேடை அது. இடது தோளைப் பிடித்துக்கொண்டு, மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாய். உதடு வெளுத்திருந்தது. மேலுதட்டில் வியர்வை. "காத்து ஜாஸ்தி, மூச்சு அடைக்குது," என்றாய். சுல் உன் பக்கத்தில் குந்தி, இருதய நோய் ஏதாவது இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். நீ காட்டைப் பார்த்தாய். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். படிவத்தை நிரப்பியது நான்தானே.

"தீடாக் ஆடா," என்றேன். இல்லை என்றேன். அது போதாதென்று ஆங்கிலத்திலும் ஒருமுறை, படித்தவள் போல, சொன்னேன்.

இந்த மேடையிலிருந்து கயிற்றில் இறக்கிவிட முடியும், வெட்கப்பட ஒன்றுமில்லை, வாரத்துக்கு ஒருவரையாவது இறக்குகிறோம் என்றார் சுல். நீ வேண்டாம் என்று தலையாட்டினாய். எனக்குப் பின்னால் பத்துப் பேர் காத்திருந்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மாவை இறக்கிவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். அத்தனை பேர் முன்னால் குரலை உயர்த்த எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டாய். மீதி இரண்டு கம்பியிலும் போனாய். கடைசிக் கம்பி ஓடைக்கு மேலே. அதில் போகும்போது சிரித்தாய். கீழே இறங்கியதும் நீ கேட்பதற்கு முன்பே அப்பா கைப்பையை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு கழிவறைப் பக்கம் நடந்தாய். அப்பா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

அதையும் பார்த்தேன். அதையும் கேட்கவில்லை.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. நீ தரை துடைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே விழுந்தாய். மருத்துவமனையில் டாக்டர் என்னிடம், எத்தனை நாளாக இருதய நோய் என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்றேன். அப்போதும், அந்த இடத்திலும், இல்லை என்றேன். என் பின்னாலிருந்து அப்பா சொன்னார்: "நாலு வருஷமா இருக்கு டாக்டர்."

நாலு வருஷம்! என் படிப்புக் காலம் முழுவதும். எனக்குத் தெரியக்கூடாது என்று தூரத்துக் கிளினிக்காகப் பார்த்துப் போயிருக்கிறீர்கள். கிளினிக் அட்டை சாமி அலமாரியில், பஞ்சாங்கத்துக்குள் இருந்தது; மாத்திரை உன் கைப்பைக்குள். இதயத்துக்குக் குழாய் விட்டுச் சோதிக்கவேண்டும் என்று இரண்டு முறை தேதி கொடுத்திருக்கிறார்கள். இரண்டு முறையும் நீ போகவில்லை. லீவு கேட்டால் காரணம் கேட்பார்கள், காரணம் சொன்னால் வேலை போகும், வேலை போனால் பிள்ளை படிப்பு நின்றுவிடும் என்றாயாம்.

ஜிப்லைன்தான் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். அப்படிச் சொல்லமுடியாது, எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ, உண்மையோ.

சாவு வீட்டில் எல்லோரும் என் தலையைத் தடவிக்கொண்டே ஒன்றைச் சொன்னார்கள். பிள்ளைக்காக உயிரையே கொடுத்த மகராசி என்றார்கள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுவதற்கு என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் பல்லைக் கடிக்கவேண்டியிருந்தது. உன்னிடம் அதை யார் கேட்டது? நான் கேட்டேனா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓராண்டு படிப்பை நிறுத்தியிருப்பேன். பட்டம் ஓடியா போகும்? நீ என்னைக் கேட்காமலே ஒரு கணக்கு முடித்துவிட்டு, அதற்குத் தியாகம் என்று ஊர் பேர் வைக்கும்படி செய்துவிட்டுப் போய்விட்டாய். உன் பொய்யை எழுத என் கையையே பயன்படுத்தினாய். அதைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை.

அப்பாவோடு மூன்று மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறேன். அவர் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உங்கம்மா சத்தியம் வாங்கிக்கிச்சு பிள்ள," என்றார். அதற்குமேல் அவரை என்ன கேட்பது.

உன்மேல் மட்டும் கோபம் என்று நினைக்காதே. உண்மையைச் சொன்னவளின் பெயரைக் கூப்பிடாமல் விட்டார்களே, அவர்கள் மேலும் கோபம். அந்தத் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டுப் போயும் அதே பயத்தோடு தொழிற்சாலைக்கு வரும்படி உங்களை வைத்திருப்பவர்கள் மேலும் கோபம். அதில் இப்போது நானும் ஒருத்தி. துப்புரவு வேலைக்கு வருபவர்களின் படிவங்கள் என் மேசைக்குத்தான் வருகின்றன. எல்லாமே ஒரேமாதிரி. மேலிருந்து கீழே, ஒரே வேகத்தில் போட்ட குறிகள். முன்பு அடுக்கிக் கோப்பில் வைத்துவிடுவேன்.

போன வெள்ளிக்கிழமை ஓர் அக்கா வந்தார். உன் வயது இருக்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாக் குறிகளையும் போட்டு, படிவத்தை என் பக்கம் தள்ளினார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அறையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். எனக்கு வழக்கம்போல் காது சூடானது. ஆனாலும் எழுந்து, அவர்களை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, "அக்கா, மறுபடி ஒரு தடவ பாருங்க. நான் வாசிச்சுச் சொல்றேன்," என்றேன். தமிழில் வாசித்தேன், ஒவ்வொரு கேள்வியாக.

அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில், "உண்டுன்னு சொன்னா நீங்க என்னை வேலையில வச்சிருப்பீங்களாம்மா?" என்றார்.

உன் குரலேதான் அது. தெரியவில்லை என்றே சொன்னேன். பொய் சொல்லவில்லை. மேனேஜரிடம் நான் பேசுகிறேன், லேசான வேலைக்கு மாற்றக் கேட்கிறேன், முடியுமா என்று தெரியாது, ஆனால் நீங்கள் இல்லாத இடத்தில் உங்களைப் பற்றி முடிவு செய்ய விடமாட்டேன் என்றேன். அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு குறியை அடித்துவிட்டு, பக்கத்து ‘உண்டு’ கட்டத்தில் சின்னதாக, கோணலாக இன்னொன்று போட்டார்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன், அம்மா. இந்தக் கோபம் போய்விட்டால் மறுபடி எல்லாவற்றையும் அடுக்கிக் கோப்பில் வைக்கிறவளாக ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் வைத்துக்கொள்கிறேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு மேனேஜர் அறையில் அந்த அக்காவின் வேலை பற்றிக் கூட்டம். அவரையும் சேர்த்து ஆறு பேர் இருப்பார்கள். அவர் என்னை நம்பி உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவர் பெயரைச் சொல்லி, நான்தான் முதலில் பேசவேண்டும்.