கூடு விட்டுக் கூடு

ரிமோட்காரிக்கு,

டிவியோடு இருந்த ஹார்ட் டிஸ்க் போன வாரம் நின்றுவிட்டது. நீ பதிவு செய்து வைத்த சீரியல் அதில்தான் இருக்கிறது, நூற்று நாற்பத்து மூன்று எபிசோட். அதனால்தான் எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

ரிப்பேர் கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, "கூடுதான் சார் போச்சு, உள்ள உயிர் இருக்கு," என்றார். டிஸ்க்கை ஒரு புதுக் கூட்டில், அதாவது கேஸில், மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து செருகினால் டிவிக்கு அடையாளமே தெரியவில்லை. 'புதிய டிஸ்க். எல்லாவற்றையும் அழித்துத் தயார் செய்யவா?' என்று கேட்டது. நீயாக இருந்தால் படிக்காமலே ஓகே அழுத்தியிருப்பாய். நான் 'இல்லை' அழுத்திவிட்டு மேனுவலை எடுத்தேன். பழைய கேஸ் எந்த மாடலோ அதே மாடல் வேண்டுமாம்.

இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிவிட்டேன். மாட்டியதும் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. உன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிய அன்று நீ பாதியில் நிறுத்தினாயே, அந்த எபிசோட் இன்னும் பன்னிரண்டாவது நிமிடத்தில்தான் நிற்கிறது. நான் தொடவில்லை.

உன் வக்கீல் அனுப்பிய கவரும் வந்தது. "படிக்க ஒண்ணுமில்ல, கையெழுத்து போட்டா போதும்," என்று போனில் சொன்னாய். என் குணம் உனக்குத் தெரியும், படிக்காமல் எதிலும் கை வைக்க மாட்டேன்.

கவரை இன்னும் பிரிக்கவில்லை.

நீ வைத்த பெயரிலேயே,
மேனுவல்