உட்கார விடாத கடையிலிருந்து செல்வியக்காவுக்கு

என் செல்வியக்கா,

நல்லா இருக்கியா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். ஆனாலும் கேட்க வருகிறது. அங்கேயாவது உன்னை உட்கார விடுகிறார்களா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. அருவியில் குளித்த ஈரத்தலையோடு கூட்டம் தென்காசிக்கு வந்து நம் துணிக்கடையில் இறங்குகிறது. காலையில் நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்கிறோம். சுவரில் சாய்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டுச் சத்தம் போடுகிறார் சூப்பர்வைசர் அண்ணாச்சி.

உனக்கு இடது விலாவுக்குக் கீழே வலிக்கும். சிறுநீரில் ரத்தம் போகும். அடிக்கடி பாத்ரூம் போகிறாய் என்று எல்லார் முன்னாலும் அண்ணாச்சி கேட்டாரே, "ஏட்டி, ஒனக்கு மட்டும் மாசத்துக்கு நாலு தடவையா வருது?" என்று. பையன்கள் சிரித்தார்கள். நீ தலை நிமிராமல் சேலை மடித்தாய்.

சாப்பாட்டு நேரத்தில் குடோனில் முழங்காலிட்டு, நெற்றியைத் தரையில் வைத்துக் குனிந்து கிடப்பாய்.

"என்னக்கா, அண்ணாச்சி கால்ல விழுந்து பழகுதியா?"

"இப்படிக் கெடந்தாத்தான் வலி விடுதுட்டி. பட்டுச்சேலைக்கு மெத்தை விரிச்சிருக்கான். நமக்குத் தரைதான்."

முதலில் ஆஸ்பத்திரியில் சிறுநீரகக் கல் என்றார்கள். கல் இல்லை என்றதும் கடையில் நடிப்பு என்றார்கள். திருநெல்வேலி டாக்டர்தான் ஸ்கேன் பார்த்துச் சொன்னார்: இடது சிறுநீரகத்திலிருந்து ரத்தம் திரும்பி வரும் குழாய் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவில் நசுங்குகிறது. அபூர்வமான நோய். குனிந்து கிடந்தால் அந்த நசுக்கல் தளரும். "ரொம்ப நேரம் நிக்காதீங்கம்மா. மொதல்ல உடம்பு தேறட்டும், ஆபரேஷன் வேணுமான்னு அப்புறம் பார்ப்போம்" என்றார்.

ஒரு ஸ்டூல் கேட்டாய். "ஒனக்குப் போட்டா எல்லாவளும் கேப்பா" என்றார் அண்ணாச்சி. வேலையை விடவா முடியும்? சுரண்டையில் இரண்டு பிள்ளைகள். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு நின்றாய். கடைசியில் அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. ரத்தவாந்தி எடுத்துச் செத்தாய். நசுங்கிய குழாய் உன்னைக் கொல்லவில்லை அக்கா. நிற்க வைத்தவர்கள் கொன்றார்கள்.

கடை வாசலில் உனக்குக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைத்தார்கள். அதில் உன் பெயரைவிடக் கடைப் பெயர் பெரிது.

கடைகளில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். நீ போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உனக்கு யாராவது சொன்னார்களா?

நேற்று வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய், கூட்டம் நிறைந்த நேரத்தில் உட்கார்ந்தேன்.

"ஏட்டி, எந்திரி."

"எதுக்கு அண்ணாச்சி? உக்காந்தே எடுத்துக் குடுக்கேன்."

"நாளைக்கு வேலைக்கு வராத."

ஸ்டூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போது நைட்டிப் பக்கம் நிற்கும் மாரி வந்து, என் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

நாளைக்கும் போவேன். வெளியே தள்ளினால் வாசலில் உட்காருவேன். எந்திரிக்க மாட்டேன் அக்கா.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
இசக்கி